கதவில் எழுதிய எண்

எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பிடிக்கும்போதெல்லாம் அம்மா ஒரு காரியம் செய்வாள். பேரம் முடிந்து, பெட்டிகளை ஏற்றி, நானும் தம்பியும் உட்கார்ந்த பிறகு அவள் மட்டும் வண்டியின் பின்பக்கம் போய் நின்று எண்ணை உரக்கப் படிப்பாள். ஓட்டுநர் காதில் விழ வேண்டும், அதுதான் கணக்கு. பிறகு வந்து உட்கார்ந்து, "ஞாபகம் வச்சுக்கோடி" என்பாள். எனக்கு அவமானமாக இருக்கும். பாவம், அந்த மனிதர் என்ன நினைப்பார்? ஒருமுறை ஒரு வயதான ஓட்டுநர் அம்மா பின்னால் போவதற்குள் தானே எண்ணைச் சொல்லிவிட்டு, "எழுதிக்கோங்கம்மா, எனக்கும் மூணு பொண்ணு" என்றார். அன்று அம்மாவுக்கே கொஞ்சம் வெட்கமாகப் போனது.

இப்போது நான் தனியாகத் திரும்பும் ராத்திரிகளில் கைபேசிச் செயலி அந்த வேலையைச் செய்கிறது. வண்டி எண், ஓட்டுநரின் முகம், போகும் பாதை எல்லாம் தோழிக்குப் போய்விடுகின்றன. குரல் இல்லை, காரியம் அதேதான். வாடகை வண்டிக்கு எண் போடும் வழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடிப் போனபோது பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் போய் நின்றேன். சென்னை மாகாணத்தில் ஜட்கா போன்ற வாடகை வண்டிகளுக்காக 1911-இல் போட்ட சட்டத்துக்கே ஹாக்னி வண்டிச் சட்டம் என்றுதான் பெயர். ஹாக்னி என்பது லண்டன்காரர்கள் வாடகைக் குதிரை வண்டிக்கு வைத்திருந்த சொல். உரிமம், எண், கட்டணப் பட்டியல் எல்லாம் அங்கிருந்து கப்பலேறி வந்தவை. அந்த வண்டிகளின் வரலாற்றைச் சொல்லும் புத்தகங்கள் குதிரையைச் சொல்கின்றன, சக்கரத்தைச் சொல்கின்றன, சட்டத்தைச் சொல்கின்றன. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்ணை ஓரத்தில் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. நான் அவளிடமிருந்து தொடங்க விரும்புகிறேன்.

1634-இல் கேப்டன் பெய்லி என்பவர் லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில், மேபோல் கம்பத்துக்குப் பக்கத்தில், நான்கு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஓட்டுபவர்களுக்குச் சீருடை. எந்த இடத்துக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கட்டணம். நகரத்தின் முதல் வாடகை வண்டி நிறுத்தம் என்று இதைச் சொல்வார்கள். இரண்டே ஆண்டுகளில் அரசர் முதலாம் சார்லஸுக்குப் பொறுக்கவில்லை. வாடகை வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு அரசரின், பிரபுக்களின் வழியை மறிக்கின்றன என்று அறிவிக்கை வந்தது. ஊருக்கு வெளியே குறைந்தது மூன்று மைல் போவதானால் தவிர இவற்றை அமர்த்தக் கூடாது என்றார்கள். யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அரசர் தலையை வெட்டிய பிறகு வந்த குடியரசும் இந்த விஷயத்தில் அரசரைப் போலவே யோசித்தது. 1654-இல் வண்டிக்காரர்கள் 200 பேர், வண்டிகள் 300, குதிரைகள் 600 என்று வரம்பு கட்டியது. 1662-இல் 400 வண்டிகள், 1694-இல் 700. உரிமம் வந்தபோது எண்ணும் வந்தது. முறைகேடு செய்த வண்டி எது என்று அடையாளம் காட்டிப் புகார் கொடுப்பதற்காக.

இதெல்லாம் போக்குவரத்து நெரிசலின் கதை போலத் தெரியும். கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்ப்போம்.

அதுவரை வண்டி என்றால் சொந்த வண்டி. சொந்த வண்டி என்றால் கணவனுடைய வண்டி. குதிரை அவனுடையது, வண்டிக்காரன் அவனிடம் சம்பளம் வாங்குபவன். வீட்டு அம்மா எங்கே போனார், எந்த வாசலில் எவ்வளவு நேரம் வண்டி நின்றது என்பது சாயங்காலத்துக்குள் எஜமானருக்குத் தெரிந்துவிடும். வாடகை வண்டிக்காரனுக்கு இவள் யார் வீட்டுப் பெண் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. காசு கொடுத்தால் கதவு திறக்கும், சொன்ன இடத்தில் இறங்கிக்கொள்ளலாம். தன்னை அறியாத ஒருவனிடம் காசு கொடுத்து, வீட்டாருக்குத் தெரியாமல் ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போவது என்பது சின்ன விஷயம் இல்லை.

எல்லாப் பெண்களுக்கும் அல்ல என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். 1662-இன் கட்டணப்படி முதல் ஒரு மணி நேரத்துக்கு 18 பென்ஸ். அக்காலத்தில் லண்டன் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு ஆண்டுச் சம்பளம் 3 பவுன் அளவில் இருந்தது. ஒரு மணி நேர வண்டிக்கூலி அவளுக்கு ஒன்பது நாள் உழைப்பு. அவள் நடந்துதான் போனாள். அப்படிப்பட்ட பெண் வாடகை வண்டிக்குள் ஏறியிருந்தால், பெரும்பாலும் கூலியைக் கொடுத்தது வேறொருவர். அந்த வேறொருவரைப் பற்றி நமக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அவர் நாட்குறிப்பு எழுதினார்.

சாமுவேல் பீப்ஸ் கடற்படை அலுவலகத்தில் பெரிய உத்தியோகஸ்தர். 1660 முதல் 1669 வரை அவர் சுருக்கெழுத்தில் எழுதிவைத்த நாட்குறிப்பு ஆங்கில இலக்கியத்தின் பொக்கிஷமாகக் கொண்டாடப்படுகிறது. லண்டன் பெருந்தீயைப் பற்றியும் கொள்ளைநோயைப் பற்றியும் அதில்தான் எல்லோரும் படிக்கிறார்கள். அதில் வாடகை வண்டிகளும் நிறைய ஓடுகின்றன. வண்டிக்குள் பெண்களைத் தொட்டதை அவர் பல இடங்களில் எழுதியிருக்கிறார். அந்த இடங்கள் வரும்போது மட்டும் ஆங்கிலத்தை விட்டுவிட்டு ஸ்பானிஷ், பிரெஞ்சு, லத்தீன் சொற்களைக் கலந்துகொள்வார். சுருக்கெழுத்துக்குள் இன்னொரு திரை.

அவர் மனைவி எலிசபெத்துக்குத் துணையாக 1667-இல் டெப் வில்லட் என்ற பெண் வேலைக்கு வந்தாள். வயது பதினேழு. அடுத்த ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் தன் கணவன் அந்தப் பெண்ணிடம் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை எலிசபெத் நேரில் பார்த்துவிட்டார். வீடு நரகமாயிற்று. மூன்று வாரத்தில் டெப் வேலையை விட்டு அனுப்பப்பட்டாள். வேலை போனது யாருக்கு என்பதைக் கவனியுங்கள். நவம்பர் 18 அன்று பீப்ஸ் அவள் தங்கியிருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ஆள் அனுப்பி வரவழைத்து, இருட்டிய பிறகு வாடகை வண்டிக்குள் ஏற்றிக்கொண்டார். வண்டிக்குள் அவளிடம் நடந்துகொண்டதை எழுதிய அதே பத்தியில், இனி எந்த ஆணுக்கும் இப்படி இடம் கொடுக்காதே, மானத்தைக் காத்துக்கொள், கடவுளுக்குப் பயப்படு என்று அவளுக்கு உபதேசம் செய்ததையும் 20 ஷில்லிங் கொடுத்ததையும் எழுதிவைத்திருக்கிறார். நான் இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வேறு எதுவும் ஓடவில்லை.

அந்த வண்டிக்கும் எண் இருந்திருக்கும். முன்னால் உட்கார்ந்து ஒருவன் சாட்டையைப் பிடித்திருந்தான், அவனுக்கும் உரிமம் பெற்ற ஒரு முதலாளி. எண் எதற்கு? முறைகேட்டைப் புகார் செய்ய. புகார் செய்யக்கூடியவர் யார்? கூலி கொடுத்தவர். டெப் கூலி கொடுக்கவில்லை.

இந்த நாட்குறிப்பு கேம்பிரிட்ஜின் மாட்லின் கல்லூரியில் இருக்கிறது. முதலில் 1825-இல் அச்சானது. பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பதிப்பித்த கனவான்கள் இது போன்ற பகுதிகளை வெட்டிவிட்டே வெளியிட்டார்கள். முழுப் பதிப்பு 1970-இல் தொடங்கி 1983-இல்தான் முடிந்தது. ஆக, முந்நூறு ஆண்டுகள் கழித்துத்தான் டெப் ஏறிய வண்டியின் கதவு திறந்தது. அப்போதும் உள்ளிருந்து கேட்பது பீப்ஸின் குரல்தான்.

அதே குளிர்காலத்தில் பீப்ஸ் சொந்த வண்டி வாங்கினார். தன் அந்தஸ்துக்கு வாடகை வண்டியில் போவதைப் பிறர் பார்ப்பது கேவலம் என்று வெகுநாளாகவே அவருக்கு உறுத்தல். 1669 மே முதல் நாள், வண்டிக்குப் புது வர்ணம் பூசி, குதிரைகளின் பிடரியில் சிவப்பு நாடா கட்டி, மனைவியோடு ஹைட் பார்க்குக்குப் போனார். ஊர்ப் பெரிய மனிதர்கள் வண்டியில் வட்டமடித்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இடம் அது. திரும்பி வந்து எழுதும்போது ஒரு குறை: புழுதி, காற்று, எல்லாவற்றுக்கும் மேலாக வாடகை வண்டிகளின் கூட்டம், கனவான்களின் வண்டிகள் எடுபடவே இல்லை. ஆறு மாதத்துக்கு முன்பு எந்த வண்டி அவருக்கு வசதியாக இருந்ததோ அதே வண்டி இப்போது கண்ணை உறுத்துகிறது.

அவருக்கு மட்டுமல்ல. கால் நூற்றாண்டு கழித்து, 1690-களின் நடுவில், ஹைட் பார்க்குக்குள் வாடகை வண்டிகள் நுழையவே தடை வந்தது. காரணமாகச் சொல்லப்பட்டது இது: முகமூடி அணிந்த சில பெண்கள் வாடகை வண்டியில் வந்து உயர்குடியினரை அவமதித்துவிட்டார்கள். வண்டி வரலாறு எழுதுபவர்கள் அத்தனை பேரும் இந்தச் செய்தியைச் சிரித்துக்கொண்டே ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடை 1924 வரை நீடித்தது. ஏறக்குறைய 230 ஆண்டுகள்!

முகமூடியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் கௌரவமான வீட்டுப் பெண்களே வெளியே போகும்போது முகமூடி அணிந்தார்கள். வெயிலுக்கும் பிறர் பார்வைக்கும் மறைப்பாக. பிறகு பாலியல் தொழிலாளர்களும் அணியத் தொடங்கியபோது, முகமூடியே சந்தேகத்துக்குரிய பொருளாயிற்று. 1704-இல் நாடகக் கொட்டகைகளில் அதைத் தடை செய்தார்கள். முகமூடியில் யார் என்று தெரியாது, வாடகை வண்டியில் யார் வீடு என்று தெரியாது. இரண்டும் சேர்ந்தால் ஒரு பெண்ணை எந்த ஆணின் கணக்கில் எழுதுவது என்று தெரியாது. பூங்காவின் கனவான்களைச் சங்கடப்படுத்தியது அந்தத் தெரியாமைதான் என்று நினைக்கிறேன். வாடகை வண்டிக்குள் பெண்களிடம் கை நீட்டிய ஆண்களுக்காக எந்தப் பூங்காவின் கதவும் ஒரு நாள்கூட மூடப்படவில்லை.

உள்ளே உட்கார்ந்த பெண் இப்படி என்றால், வண்டியை உடைமையாக வைத்திருந்த பெண்? அப்படியும் இருந்தார்கள். 1694-இன் சட்டப்படி உரிமம் 21 ஆண்டுகளுக்கு. 50 பவுன் கட்டி வாங்கி, ஆண்டுக்கு 4 பவுன் செலுத்த வேண்டும். ஆகவே அது ஒரு சொத்து. வண்டிக்காரன் செத்தால் அவன் விதவையிடம் வரும். கணவன் உயிரோடு இருக்கும்வரை மனைவிக்குத் தனிச் சொத்து கிடையாது என்பது ஆங்கிலப் பொதுச் சட்டம், அது மாற 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பெண்ணின் பெயரில் வண்டி ஓட வேண்டுமானால் முதலில் ஒரு ஆண் சாக வேண்டும். ஓடினாலும் அவள் ஓட்டுவதில்லை, ஆள் வைத்து ஓட்டினாள். குதிரைக்குப் புல் வாங்கினாள், அச்சு முறிந்தால் செலவழித்தாள். ஓட்டுநர் இருக்கை மட்டும் ஆணுடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டைக் கொஞ்சம் வேகமாகக் கடக்கலாம். 1834-இல் ஹேன்சம் என்பவர் காப்புரிமை பெற்ற இரு சக்கர வண்டி வந்தது. முன்பக்கம் திறந்தது, வேகமானது. அதன் கூடவே நாலு சக்கர மூடு வண்டியும் ஓடியது. மெதுவானது, கடகடவென்று சத்தம் போடும். மரியாதையான பெண் தனியே போவதானால் மூடு வண்டியில் போக வேண்டும், ஹேன்சமில் போனால் பெயர் கெடும் என்பது வெகுகாலம் எழுதாத விதி. யோசித்துப் பாருங்கள். தெருவில் போகும் நாலு பேர் கண்ணில் படும் திறந்த வண்டி ஆபத்து, யாரும் பார்க்க முடியாத மூடிய பெட்டி பாதுகாப்பு! பாதுகாக்கப்பட்டது அவள் பெயர், உடம்பு இல்லை. நம்மூரிலும் திரை போட்ட வண்டிக்கு இருந்த மரியாதையை நினைத்துக்கொள்கிறேன்.

1907-இல் லண்டனில் மீட்டர் கட்டாயமாயிற்று. டாக்ஸி என்ற பெயரே அந்த டாக்ஸிமீட்டரிலிருந்து வந்ததுதான். தனியே போகும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பது நடுத்தெருவில் நின்று பேரம் பேசி, "ஏம்மா, இவ்வளவு காசுகூட இல்லாம எதுக்கு வண்டி" என்று கேட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். ஐந்து ஆண்டுகள் கழித்து டாக்ஸி வேறொரு வேலைக்கும் பயன்பட்டது. 1912 மார்ச் 1, மாலை ஐந்தரை மணி. வாக்குரிமைப் போராளி எமலின் பாங்க்கர்ஸ்ட் இரண்டு தோழிகளோடு டாக்ஸியில் டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டு வாசலில் போய் இறங்கி, பிரதமர் வீட்டு ஜன்னல்களில் கல்லை எறிந்தார். தெருவில் நடந்து வந்திருந்தால் போலீஸ் வழியிலேயே மறித்திருக்கும். டாக்ஸியில் வரும் நன்றாக உடுத்திய மூன்று பெண்களை யார் சந்தேகிப்பார்கள்? எந்த மரியாதை பெண்ணை மூடு வண்டிக்குள் உட்காரவைத்ததோ அதையே முகமூடியாகப் போட்டுக்கொண்டார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பயணம் இதுதான்.

ஓட்டுநர் இருக்கைக்கு ஒரு போர் தேவைப்பட்டது. ஆண்கள் போர்முனைக்குப் போய் ஆள் பற்றாக்குறை முற்றிய பிறகு, 1917-இல், லண்டனில் பெண்களுக்கு டாக்ஸி ஓட்ட உரிமம் தர அரசு இணங்கியது. ஓட்டுநர் சங்கம் எதிர்த்தது. கூலி குறையும், திரும்பி வரும் சிப்பாய்க்கு வேலை போகும் என்பது அவர்கள் வாதம். தொழிலாளியின் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தாகச் சம கூலி கேட்டுப் போராடாமல், பெண்ணை வெளியே நிறுத்துவதையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட 1865 முதலே ஒரு கடும் தேர்வு உண்டு. சாரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் சுற்றளவில் உள்ள ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். வேலை முடித்துவிட்டுச் சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஸ்கூட்டரில் தெருத்தெருவாகச் சுற்றித்தான் படிப்பார்கள். விதியில் பெண்ணுக்குத் தடை எதுவும் எழுதியிருக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்குச் சாயங்காலங்கள் யாருக்குச் சொந்தமாக இருக்கின்றன? சோறு யார் வடிப்பது? அந்தத் தேர்வில் முழுமையாகத் தேறிப் பச்சைப் பட்டயம் பெற்ற முதல் பெண் என்று குறிப்பிடப்படும் மேரி வைட் அதைப் பெற்றது 1977-இல். லண்டன் பேருந்தை ஒரு பெண் முதன்முதலில் ஓட்டியதும் அதற்கு மூன்றே ஆண்டுகள் முன்புதான். இன்றும் கறுப்பு டாக்ஸி ஓட்டுநர்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்.

அந்தப் பட்டயத்துக்கு ஊரில் பெரிய மரியாதை. ராத்திரியில் தனியாக இருக்கிறாயா, கண்டவன் காரில் ஏறாதே, கறுப்பு டாக்ஸி பிடி என்று லண்டன் தாய்மார்கள் மகள்களுக்குச் சொல்லிவந்தார்கள். உரிமம் உண்டு, எண் உண்டு, தேர்வு எழுதியவர் என்று.

ஜான் வொர்பாய்ஸ் அப்படி உரிமம் பெற்ற ஓட்டுநர். ராத்திரியில் தனியே வீடு திரும்பும் பெண்களை ஏற்றிக்கொண்டு, தனக்குப் பெரும்பணம் பரிசாக விழுந்ததாகச் சொல்லி, கொண்டாட ஒரு கோப்பை ஷாம்பெயின் நீட்டுவார். அதில் மயக்கமருந்து கலந்திருக்கும். 2003-லேயே ஒரு பெண் போலீசிடம் போனார். நடந்தது முழுதாக நினைவில்லை என்றார். மயக்கமருந்து கொடுக்கப்பட்டவருக்கு எப்படி நினைவிருக்கும்? 2007-இல் இன்னொரு பெண் போனார். வொர்பாய்ஸைப் பிடித்து விசாரித்து விட்டுவிட்டார்கள். டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் இப்படிச் செய்வாரா என்ற எண்ணம் விசாரணை அதிகாரிகள் மனதில் இருந்தது பின்னர் நடந்த மறுஆய்வில் பதிவாகியிருக்கிறது. வெளியே விடப்பட்ட பிறகும் அவர் நிறுத்தவில்லை. 2008-இல் மறுபடி பிடிபட்டு, 2009-இல் பன்னிரண்டு பெண்களுக்கு எதிரான குற்றங்களில் தண்டிக்கப்பட்டார். பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு மேல் இருப்பார்கள் என்று போலீசே பிறகு சொன்னது.

இந்த முறை எண் இருந்தது. முகம் இருந்தது. கூலி கொடுத்தவர்களும் பெண்களே. அம்மா உரக்கப் படித்த எல்லாமே இருந்தன.

அந்த இரண்டு பெண்களும் வழக்குத் தொடுத்தார்கள், ஓட்டுநர் மீது மட்டுமல்ல, லண்டன் போலீஸ் மீதே. எங்கள் புகாரை ஒழுங்காக விசாரிக்காமல் விட்டது எங்கள் மனித உரிமையை மீறிய செயல் என்றார்கள். போலீஸ் தோற்றது, மேல்முறையீடு செய்தது, மறுபடி தோற்றது. 2018 பிப்ரவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பாலியல் வன்முறைப் புகாரை விசாரிப்பதில் போலீஸ் பெருந்தவறு செய்தால், மனிதத்தன்மையற்ற நடத்தைக்கு எதிரான பாதுகாப்பை அரசு மீறியதாகவே பொருள். அதே சமயத்தில் பரோல் வாரியம் வொர்பாய்ஸை விடுவிக்க முடிவெடுத்திருந்தது. பெண்கள் மீண்டும் நீதிமன்றம் போய், மார்ச் மாதம் அந்த முடிவையும் ரத்து செய்யவைத்தார்கள்.

பீப்ஸின் நாட்குறிப்பில் டெப்பின் பெயர் இருக்கிறது, அவள் சொன்ன சொல் இல்லை. 2018-இன் தீர்ப்பில் அந்த இருவருக்கும் பெயர் இல்லை, டி.எஸ்.டி., என்.பி.வி. என்று மூன்று மூன்று எழுத்துகள்தான். அவர்கள் சொன்னது எல்லாம் அந்த வழக்கின் பதிவுகளில் இருக்கிறது. எந்த ராத்திரி, எங்கே ஏறினார்கள், யாரிடம் போய்ச் சொன்னார்கள், யார் நம்பவில்லை என்பது வரை.